முதலிடம்: கொடி

கொறங்காட்டுப்பாளையம் உயர்நிலைப் பள்ளியில் செருப்புக்குக் காவல் இருந்த ஒரே மாணவி கேதீஸ்வரிதான். எட்டாம் வகுப்பு. விளையாட்டுப் பீரியடுக்கு மணி அடித்ததும் மற்ற பிள்ளைகள் வேப்பமரத்தடியில் செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு மைதானத்துக்குள் பாய்வார்கள். இவள் மரத்தடியில் உட்கார்ந்து நாற்பத்திரண்டு ஜோடியையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வேலையில் குறை சொல்ல முடியாது. மூன்றே மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு, குதிகால் தேய்ந்திருக்கும் வாகைத் தடவிப் பார்த்தே எது யாருடைய செருப்பு என்று சொல்லிவிடும் அளவுக்குத் தேறிவிட்டாள். அதற்கு முன்னால் அங்கே செருப்புத் திருட்டையே தொழிலாகக் கொண்ட செவலை நாய் ஒன்று இருந்தது. தலைமையாசிரியர் செருப்பிலேயே இரண்டு தடவை ஒற்றையைக் கொண்டுபோன நாய். கேதீஸ்வரி உட்கார ஆரம்பித்த பிறகு ஒரு மாதம் தூரத்தில் நின்று பார்த்தது. அப்புறம் மனம் உடைந்து ஊரை விட்டே போய்விட்டது. இப்போது முத்தூர்ப் பக்கம் ஒரு மளிகைக் கடை வாசலில் கண்ணியமாகப் பிழைப்பதாகக் கேள்வி.

கேதீஸ்வரி மன்னார்க்காரி. தொண்ணூறாம் வருஷம் அம்மாவோடு படகேறி வந்தவள். வெள்ளகோவில் ரோட்டில், ஓட்டம் நின்றுபோன ஜின்னிங் பேக்டரி ஒன்றின் பஞ்சு குடோனைத் தார்ப்பாயால் தடுத்துத் தடுத்து எட்டு வரிசையாக்கி, அகதி முகாம் என்று பலகை வைத்திருந்தார்கள். அதில் இரண்டாம் வரிசை அவர்களுடையது. முகாமிலிருந்து பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர்.

பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் வருகைப் பதிவேட்டில் பேர் ஏறவில்லை. பழைய பள்ளியின் டீசி வந்தால்தான் ஏறும். அந்தப் பள்ளியின் மேல் குண்டு விழுந்துவிட்டது என்று அம்மா தலைமையாசிரியர் சுந்தரராஜுலுவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"பில்டிங் மேலதானுங்க உளுந்துது? பீரோ மேல உளுகலையே?" என்று கேட்டார் அவர்.

"பீரோவும் போயிட்டுது சேர்."

"அப்ப டூப்ளிகேட் குடுப்பாங்க. எழுதிப் போடறேன். நீங்க கவலப்படாதீங்க."

சொன்னபடியே எழுதினார். நல்ல மனிதர். மூன்று தடவை எழுதினார். மூன்றாவது கடிதம் எங்கெங்கோ சுற்றி, உறை தெரியாத அளவுக்கு முத்திரை வாங்கிக்கொண்டு ஒன்பது மாதம் கழித்து அவரிடமே வந்து சேர்ந்தது. பதிவேட்டில் இடம் கொடுப்பதென்றால் அந்தக் கடிதத்துக்குக் கொடுத்திருக்கலாம். அதனிடம் அவ்வளவு சான்று இருந்தது.

வகுப்பில் உட்காரத் தடையில்லை. பாடம் காதில் விழுவதால் யாருக்கும் எலும்பு முறிவதில்லை. விளையாட்டு அப்படியல்ல. முதல் நாள் அவளும் வரிசையில் போய் நின்றபோது பி.டி. வாத்தியார் லட்சுமணசாமி விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"உன்ற பேரு அட்டெண்டன்ஸுல இல்லீயே அம்மணி."

"டீசி இன்னும் வரேல்ல சேர்."

"பாத்தியா? நாளைக்கு நீ உளுந்து கால ஒடிச்சுக்கறேன்னு வெய்யி. விபத்துப் புஸ்தகத்துல ஆரு காலுன்னு எழுதறது? பேரில்லாத காலு ஒடஞ்சா மேல இருந்து கேள்வி வரும் கண்ணு. நீ அப்பிடி நெழல்ல உக்காந்து அந்தச் செருப்புகளப் பாத்துக்கோ."

அவர் அதட்டிச் சொல்லவில்லை. கண்ணு என்று வேறு சொன்னார். அதனால் எதிர்த்துக் கேட்கவும் வழியில்லாமல் போயிற்று.

ஓடத் தெரியாதவள் அல்ல. தினமும் காலையிலும் மாலையிலும் முகாமுக்கும் பள்ளிக்கும் இடையில் ஓடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் தனியாக ஓடுவதை ஓட்டம் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பஸ்ஸைத் தவற விட்டவன்கூட அதைச் செய்கிறான். ஒரே ஒரு தடவை, பக்கத்தில் இன்னொருத்தி மூச்சு வாங்குவது காதில் விழும்படி ஓடிப் பார்க்க வேண்டும். மரத்தடியில் உட்கார்ந்து அவள் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மாசி மாதம் விளையாட்டு விழா வந்தது. அந்த விழாவில் பெயர்போனது 'பெரிய ஓட்டம்'. பையன்களும் பெண்களும் சேர்ந்தே ஓடுவார்கள். பிரித்து ஓடவிட்டால் பரிசு எண்ணிக்கைக்கு ஆள் தேறாது. மைதானத்திலிருந்து புறப்பட்டு, இரண்டு பக்கமும் கிளுவை வேலி நெருங்கி நிற்கும் இட்டேரி வழியாக ஒரு கிலோமீட்டர் போய், தார் ரோட்டைத் தொடும் முக்கில் நட்டிருக்கும் கொடியைச் சுற்றித் திரும்பி வர வேண்டும்.

இதில் முந்தின வருஷம் ஒரு கோளாறு நடந்துவிட்டது. ஓடிய ஒன்பது பேரும் பாதி வழியிலேயே வேலிச் சந்தில் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் கோவைப்பழம் தின்றார்கள். யாருக்கு உட்கார்ந்து முதலில் சலித்ததோ அவன் எழுந்து ஓடி முதற்பரிசு வாங்கிவிட்டான். அவன் பேர் கிருபாசங்கர், ரைஸ்மில்காரர் மகன். கொடியை அன்றைக்கு ஆடு தின்றுவிட்டதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்குச் சரியாக வரும். ஓட்டம் முடிந்து கொடியை எடுக்கப் போன லட்சுமணசாமிக்குக் குச்சிதான் கிடைத்தது. முக்கால் மணி நேரமாக அங்கே கொடியே இல்லை என்று மேய்ச்சல்காரர் சாட்சி சொன்னார்.

ஆகவே இந்த வருஷம் லட்சுமணசாமி இரண்டு விதிகள் போட்டார். ஓடுகிறவர்களுக்கு ஒன்று: "கொடி எங்க இருக்குதோ அங்க போயித் தொடோணும். தொடாம எவன் திரும்புனாலும் தோல உரிச்சுப்போடுவேன்." கொடிக்கு ஒன்று: அதை மண்ணில் நடுவதில்லை, ஓர் ஆள் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஓடாத ஆளாகப் பார்த்ததில் கேதீஸ்வரிதான் இருந்தாள்.

"கொடி தரையில பட்டுச்சுன்னா ஓட்டம் கேன்சல். கைய உட்டு எறக்கவே கூடாது, தெரிஞ்சுதா? ஓடுறவிங்களாட்டமே இதுவும் பெரிய பொறுப்பு" என்றார் லட்சுமணசாமி. அவள் முகத்தைப் பார்த்து, "நீயும் வெளையாட்டு விழாவுல இருக்கற மாதிரிதான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

காலை எட்டரைக்கே முக்கில் போய் நின்றுவிட்டாள். சிவப்புத் துணி, மூங்கில் குச்சி. தலைமை விருந்தாளி வர வேண்டும், வந்தால்தான் பெரிய ஓட்டம். ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. மைதானத்திலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் மட்டும் காற்றில் அறுந்து அறுந்து வந்தது. நூறு மீட்டர் முடிந்தது. சாக்கு ஓட்டம் முடிந்தது. யாரோ விழுந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். விழுந்தது யார் என்று தெரியாமல் அவளும் கொஞ்சம் சிரித்தாள். கிளுவை முள்ளில் ஓர் ஓணான் உட்கார்ந்து அவளைப் பார்த்துத் தலையாட்டியது. இரண்டு மணி நேரத்தில் அது ஒருமுறைகூட வேறு பக்கம் பார்க்கவில்லை. அந்தப் பள்ளிக்கூட வட்டாரத்தில் இவ்வளவு நேரம் தொடர்ந்து அவளைப் பார்த்தது அது ஒன்றுதான்.

பத்தரை மணிக்குத் தார் ரோட்டில் ஒரு ஜீப் போயிற்று. முகாமை நோக்கிப் போயிற்று. முன்சீட்டில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., கந்தப்பன்.

மாதத்துக்கு ஒருமுறை அவர் முகாமுக்கு வந்து வரிசை வரிசையாகப் பேர் வாசிப்பார். வாசிக்கும்போது இல்லாத ஆளின் பேரைக் குறுக்கே ஒரு கோடு போட்டு வெட்டிவிடுவார். வெட்டிய பேரைத் திரும்ப ஏற்ற வேண்டுமென்றால் தாலுகா ஆபீஸுக்கு நடக்க வேண்டும். போன வருஷம் வெட்டுப்பட்ட ஒரு கிழவர் இன்னும் நடந்துகொண்டிருந்தார். பதிவு நாளைக்கு என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் நாளைக்கு ஆர்.ஐ.யின் மச்சினனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு இணைச்சீர்ச் சடங்கு செய்ய வேண்டிய அக்கா அவருடைய சம்சாரம். அக்கா மணவறையில் நிற்கும்போது அவள் புருஷன் அகதி முகாமில் பேர் வாசித்துக்கொண்டிருந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? ஒரு நாள் முன்னாலேயே கிளம்பிவிட்டார்.

பள்ளிப் பதிவேட்டில் பேர் இல்லை. இந்த உலகத்தில் கேதீஸ்வரி என்று எழுதியிருந்த ஒரே தாள் அந்த ஜீப்பில் போய்க்கொண்டிருந்தது.

அதே நேரம் மைதானத்தில் வேட்டுச் சத்தம் கேட்டது. பெரிய ஓட்டம் புறப்பட்டுவிட்டது.

இட்டேரியைப் பார்த்தாள். யாரையும் காணோம். ரோட்டைப் பார்த்தாள். ஜீப்பின் புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. நூறு எண்ணினாள். இருநூறு எண்ணினாள். முதல் வரிசை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்தது இவள் வரிசை. கொடியை வேலியில் சாத்தலாம் என்றால் நழுவி மண்ணில் பட்டுவிடும். ஓணானிடம் கொடுக்க முடியாது. கொடியைத் தூக்கிப் பிடித்தபடியே தார் ரோட்டில் ஏறி ஓட ஆரம்பித்தாள்.

கால் பர்லாங்கு போயிருப்பாள். பின்னால் தபதபவென்று சத்தம் கேட்டது. பிடித்து அடிக்கத்தான் வருகிறார்கள் என்று வேகத்தைக் கூட்டினாள். சத்தமும் கூடியது. யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. ஓடிக்கொண்டே ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

பெரிய ஓட்டம் ஓடிய பதினோரு பேரும் வந்துகொண்டிருந்தார்கள். முக்குக்கு வந்து பார்த்தால் கொடி ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது. கொடி எங்கே இருக்கிறதோ அங்கே தொட வேண்டும் என்பது உத்தரவு. இந்த வருஷம் ஏமாற்ற முடியாதபடி வாத்தியார் கொடியையே ஓடவிட்டுவிட்டார் என்று கிருபாசங்கர் முடிவு கட்டிவிட்டான். மற்றவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. லட்சுமணசாமி அப்படிச் செய்யக்கூடியவர்தான்.

கேதீஸ்வரிக்கு இதெல்லாம் தெரியாது. அடிக்க வருகிறவர்களின் முகம் அப்படி இருக்காது என்பது மட்டும் தெரிந்தது. எல்லாக் கண்ணும் கொடி மேலேயே இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் நந்திதா வந்தாள். அதே வகுப்புக்காரி, இடது குதிகால் தேய்ந்த நீலச் செருப்பு. அரைக் கிலோமீட்டரில் அவள் பக்கத்துக்கே வந்துவிட்டாள். கொடியைத் தொடக் கையை நீட்டினாள், எட்டவில்லை. அவளுடைய மூச்சு கேதீஸ்வரியின் காதுக்கருகில் கேட்டது. ஹுஸ் ஹுஸ் என்று, பம்பு அடுப்புக்குக் காற்று அடிப்பது போல.

அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் கேதீஸ்வரி ஆர்.ஐ.யை மறந்துபோனாள். பேரையும் மறந்துபோனாள். ரோட்டோரப் புளியமரங்கள்தான் பின்னால் ஓடின. எதிரே வந்த வெள்ளகோவில் டவுன் பஸ் பிரேக் போட்டு நின்று இவர்களுக்கு வழி விட்டது. அந்த பஸ் அதற்கு முன்பும் பின்பும் யாருக்கும் வழி விட்டதில்லை. டிரைவர் அதற்காகப் பிற்பாடு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

முகாமுக்குள் நுழையும்போது ஆர்.ஐ. இரண்டாம் வரிசையை வாசித்துக்கொண்டிருந்தார். அம்மா ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"எங்க பிள்ளை நிண்டனீ? சேர் உன்ர பேருக்கு வந்திட்டார்!"

"கேதீஸ்வரி, வயது பதிமூன்று."

"ஓம் சேர்."

கோடு விழவில்லை. டிக் விழுந்தது. அவளுக்குப் பின்னால் பதினோரு கைகள் வந்து கொடியைத் தொட்டன. தொட்டவுடன் அத்தனை பேரும் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏன்டி, இத்தன தூரமா வெப்பாங்க?" என்றாள் நந்திதா. "செத்த தண்ணி குடுடி."

கேதீஸ்வரி கொடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். நந்திதா குடித்துவிட்டு, "நீ இத்தன வேகமா ஓடுவியா? பின்ன ஏன் எந்நேரமும் மரத்தடியிலயே உக்காந்திருக்கற?" என்றாள்.

பதில் சொல்வதற்குள் ஆர்.ஐ. கடைசித் தலைக்கணக்கை ஆரம்பித்துவிட்டார். பேர் வாசித்து முடிந்ததும் ஒட்டுமொத்தமாகத் தலை எண்ணுவது வழக்கம். பிள்ளைகள் முப்பத்தொன்று இருக்க வேண்டும். நாற்பத்திரண்டு இருந்தது. இன்னொரு தடவை எண்ணினார். நாற்பத்திரண்டுதான்.

கந்தப்பன் இருபது வருஷ சர்வீஸ் போட்டவர். குறைவதைத்தான் பார்த்திருக்கிறார். குறைந்தால் வெட்டலாம். கூடினால் என்ன செய்வதென்று எந்த உத்தரவிலும் இல்லை.

"ஆருங்க இவிங்கெல்லாம்?"

"நாங்க இஸ்கூல் பசங்களுங்க. ஓட்டப் பந்தயத்துக்கு வந்தமுங்க" என்றான் கிருபாசங்கர்.

"எந்த ஸ்கூலுல கேம்புக்குள்ள பந்தயம் உடறாங்க? ரேஷன் கார்டு இருக்குதா?"

"ஓடறவன் எங்கீங்க ரேஷன் கார்டு வெப்பான்? டவுசருல பாக்கெட்டே இல்லீங்க."

"எங்கப்பா ரைஸ்மில்லுன்னு சொல்றா" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கிசுகிசுத்தான். கிருபாசங்கர் சொன்னான்.

"ஆரு வேணா ரைஸ்மில்லுன்னு சொல்லலாம் தம்பி. ரெஜிஸ்டருல பேரு இருக்குதா? இல்லீல்ல? ஓரமா உக்காருங்க. ரெஜிஸ்டரோட உங்க எச்.எம். வரட்டும்."

பதினோரு பேரும் வேலியோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டார்கள். முகாம் பிள்ளைகள் அவர்கள் முன்னால் டயர் உருட்டி விளையாடினார்கள். எழுந்து ஓடிச் சேர்ந்துகொள்ளலாமா என்பதுபோல நந்திதா இரண்டு தடவை பாதி எழுந்து, ஆர்.ஐ.யைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். எழுவதும் உட்காருவதுமான அந்த அசைவு கேதீஸ்வரிக்கு நன்றாகத் தெரிந்ததுதான். வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

பள்ளியில் தலைமை விருந்தாளி இட்டேரி வாயையே பார்த்துக் களைத்து, முதற்பரிசான எவர்சில்வர் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பதினோரு பிள்ளைகளை இட்டேரி விழுங்கிவிட்டது என்று ஊருக்குள் பேச்சாகி, முனியப்பனுக்குச் சேவல்கூட நேர்ந்துவிட்டார்கள். ஒரு மணிக்குமேல் பஸ் கண்டக்டர் வந்து தகவல் சொன்ன பிறகுதான் லட்சுமணசாமி மொபெட்டை எடுத்தார். பின்னால் சுந்தரராஜுலு பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார்.

ஆர்.ஐ. மேஜை முன்னால் நின்று தலைமையாசிரியர் பேர் வாசித்தார். வாசித்த ஆள் எழுந்து, "உள்ளேனய்யா" என்று சொல்லி வாசலுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். ஒருவர் ஒருவராக எழுந்து போனார்கள். வரிசை குறையக் குறைய, அதன் கடைசியில் கொடியோடு நின்றிருந்த கேதீஸ்வரி நகர்ந்து நகர்ந்து முன்னால் வந்தாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. வரிசை நகர்ந்தது, கூடவே நகர்ந்தாள்.

"நந்திதா."

"உள்ளேனய்யா."

பதினோராவது பேர் அது. இப்போது வரிசையில் கேதீஸ்வரி மட்டும் நின்றாள். சுந்தரராஜுலு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். இன்னொரு பக்கம் புரட்டக்கூடச் செய்தார். அப்புறம் மெதுவாக மூடினார்.

"சரியாப் போச்சுங்களா?" என்றார் ஆர்.ஐ.

"சரியாப் போச்சுங்க."

லட்சுமணசாமி கிட்டே வந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டவில்லை. "கொடி கீழ படலியே?" என்று கேட்டார்.

"இல்லை சேர்."

"அந்தக் கொடியக் குடு அம்மணி."

கொடுத்தாள். நாலரை மணி நேரத்துக்கு மேல் பிடித்திருந்ததில் விரல்கள் குச்சி இருந்த வடிவத்திலேயே மடங்கி நின்றன. வெகு நேரம் விரியவில்லை.

அன்று சாயங்காலம் லட்சுமணசாமி விழாப் பதிவேட்டை எழுத உட்கார்ந்தார். பொய் எழுதத் தெரியாத மனிதர். பெரிய ஓட்டத்தில் முதலில் போய்ச் சேர்ந்தது யார் என்று பதினோரு பேரையும் விசாரித்தார். பதினோரு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பதிவேட்டில் இல்லாத பேரை எழுத விதி இல்லை. நெடு நேரம் யோசித்து எழுதினார்: முதலிடம், கொடி. இரண்டாமிடம், நந்திதா. மூன்றாமிடம், கிருபாசங்கர். எவர்சில்வர் டம்ளரைக் கொடிக்கே கொடுத்தார்கள். துணியைச் சுருட்டி டம்ளருக்குள் வைத்து, டம்ளரைத் தலைமையாசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

திங்கட்கிழமை முக்கில் ஒரு கல்தூண் வந்திறங்கியது. இனிமேல் கொடி எங்கும் ஓடக்கூடாது என்று நாலடிக் குழி வெட்டி, சிமெண்டு போட்டு நட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் தேவையில்லை.

விளையாட்டுப் பீரியடில் நந்திதா செருப்பைக் கழற்றி வைத்தாள். மற்றவர்கள் போல உதறாமல் ஜோடி சேர்த்து வைத்தாள்.

"அடுத்த வருசமும் கொடி நீதானே?"

"இல்லை. கல்லு நட்டிட்டினம்."

மைதானத்தில் விசில் ஒலித்தது. நந்திதா ஓடிப்போனாள்.

சாயங்காலம் இட்டேரி முழுக்க வெறிச்சென்று கிடந்தது. கேதீஸ்வரி புத்தகப் பையை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினாள். முக்கு வந்ததும் நின்றாள். கொடியைத் தொடாமல் யாரும் திரும்பக் கூடாது. சிமெண்டு இன்னும் ஈரமாயிருந்த கல்லைக் கையால் தொட்டாள். ஓணான் வேலி மேலேதான் இருந்தது, தலையாட்டியது.

தார் ரோட்டில் ஏறினாள். முதல் புளியமரம் வரை நல்ல வேகம். அதற்குப் பிறகு கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். காதைப் பின்னால் கொடுத்து, மெதுவாக ஓடினாள், பின்னால் வருகிறவர்கள் வந்து சேரட்டும் என்று.